காற்றடைத்த படகும் உயிர்காப்பு மிதவையும்

நெடுங்கடலைக் கடக்கும் சிறிய பாய்மரப் படகுகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும், ரப்பர் பூசிய துணியால் ஆன, காற்றடைத்துப் பயன்படுத்தும் துணைப்படகு ஒன்று இருக்கும். நங்கூரமிட்ட இடத்திலிருந்து கரைக்குப் போய்வரவும், குடிநீரையும் எரிபொருளையும் ஏற்றிவரவும் உதவும் இதனை டிங்கி என்பர். அதே படகுகள் பலவற்றில், மேல்தளத்தில் ஒரு பெட்டிக்குள் இறுக மடித்து அடைக்கப்பட்ட இன்னொரு காற்றடைத்த கலமும் இருக்கும். தாய்ப்படகு மூழ்கும் வேளையில் மட்டுமே திறக்கப்படும் அதற்கு உயிர்காப்பு மிதவை என்று பெயர். இரண்டும் ஒத்த துணியால், ஒத்த முறையில் செய்யப்பட்டவை போலவே தோன்றும். ஆனால் மிதவை விலை மிகுந்தது; குறித்த காலத்துக்கு ஒருமுறை உரிய நிலையத்தில் பிரித்துச் சோதிக்கப்பட வேண்டியது; வாழ்நாள் முழுவதும் ஒருமுறைகூடப் பயன்படாமலேயே கழித்துக்கட்டப்படக்கூடியது. எனவே நாள்தோறும் பயன்படும் டிங்கியையே ஆபத்துக் காலத்தில் மிதவையாகக் கொள்ளலாகாதா என்ற கேள்வி சிறுபடகு மாலுமிகளிடையே நெடுங்காலமாக எழுந்துவருகிறது. இதற்கான விடை, பலரும் எண்ணுவதுபோல, எது எவ்வளவு எடையைத் தாங்கும் என்பதில் இல்லை. அது காலத்தையும் காற்றையும் உடற்சூட்டையும் பற்றியதாக இருக்கிறது.

மிதப்புத்திறனை முதலில் பார்த்துவிடலாம், ஏனெனில் அதுவே இப்பொருளில் மிக எளிய பகுதி. நீரில் மூழ்கிய ஒரு பொருள் தான் இடம்பெயர்த்த நீரின் எடைக்குச் சமமான விசையால் மேல்நோக்கித் தள்ளப்படுகிறது என்பது ஆர்க்கிமிடீஸ் விதி. 2.7 மீட்டர் நீளமுள்ள ஒரு சாதாரண டிங்கியின் இரு பக்கங்களையும் முன்முனையையும் சுற்றிவரும் காற்றுக்குழாய் 40 சென்டிமீட்டர் விட்டமும் மொத்தம் ஆறு மீட்டர் நீளமும் கொண்டது என வைத்துக்கொண்டால், அதன் கொள்ளளவு ஏறத்தாழ 750 லிட்டர் ஆகிறது. அதாவது குழாய் முழுவதும் அமிழும் வரை அது முக்கால் டன் எடையைத் தாங்கும். நல்ல டிங்கிகளில் இக்குழாய் உட்சுவர்களால் தனித்தனி அறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும்; மூன்றில் ஓர் அறை கிழிந்து காற்றிழந்தாலும் எஞ்சிய இரண்டும் 500 கிலோவைத் தாங்கும் என்பதால், நான்கு பேர் மூழ்கிப்போக வழியில்லை. அறைகளாகப் பிரிக்கப்படாத, அல்லது தாங்குவதற்கு மேல் ஆட்களை ஏற்றிய மலிவுக் கலங்களின் கதை வேறு: 2021 நவம்பர் 24 அன்று பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் இடைப்பட்ட கால்வாயில் அகதிகளை ஏற்றிச்சென்ற அத்தகைய ஒரு படகு நீர் புகுந்து நிலைகுலைந்ததில் குறைந்தது 27 பேர் உயிரிழந்தனர். ஆயினும் உரிய அளவுக்கு ஆட்களை ஏற்றிய, முறையாகச் செய்யப்பட்ட டிங்கி மிதக்குமா என்பதில் ஐயமில்லை. மிதப்பது வேறு, உயிர்காப்பது வேறு.

முதல் வேறுபாடு காலம். டிங்கியின் குழாய்க்குள் இருக்க வேண்டிய அழுத்தம் வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் சுமார் 0.25 பார், ஒரு பார் என்பது கடல்மட்டத்தில் நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தத்துக்கு ஏறத்தாழச் சமமானது. 750 லிட்டர் குழாயை அந்த அழுத்தத்துக்கு நிரப்ப 900 லிட்டருக்கும் மேற்பட்ட காற்று வேண்டும். மிதிபம்பு ஒரு மிதிக்கு ஐந்து லிட்டர் தள்ளுமானால் 180 முறைக்கும் மேல் மிதிக்க வேண்டும். அமைதியான துறைமுகத்தில், காய்ந்த தளத்தில் நின்று, அவசரமின்றிச் செய்தாலே அதற்கு எட்டு நிமிடங்களுக்குக் குறையாது. சாய்ந்து கொண்டிருக்கும் தளத்தில், இருட்டில், அலையடிப்பில் அதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதைக் கணக்கிட்டுச் சொல்ல முடியாது. மிதவையிலோ கரியமிலவாயு மிகுந்த அழுத்தத்தில் திரவமாக அடைக்கப்பட்ட உருளை ஒன்று இணைந்தே இருக்கும். கட்டுக்கயிற்றைச் சுண்டி இழுத்தவுடன் அடைப்பு திறந்து, திரவம் வாயுவாகி விரிந்து குழாய்களை நிரப்பிவிடும். கடலில் உயிர்காப்புக்கான சோலாஸ் பன்னாட்டு ஒப்பந்தத்தின் விதிகளின்படி, 18 முதல் 20 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் மிதவை ஒரு நிமிடத்துக்குள்ளும், உறைகுளிரான கழித்தல் 30 டிகிரியில் மூன்று நிமிடத்துக்குள்ளும் நிரம்பியாக வேண்டும்.

இந்தச் சில நிமிட வேறுபாடு எத்துணை முக்கியம் என்பதைப் பசிபிக் பெருங்கடலில் ஓராண்டுக்குள் நிகழ்ந்த இரு விபத்துகள் காட்டுகின்றன. 1972 ஜூன் 15 அன்று, காலாபகசு தீவுகளுக்கு மேற்கே, டூகல் ராபர்ட்சன் என்ற பிரித்தானியரின் லூசெட் என்னும் மரப்படகை ஓர்க்கா வகைத் திமிங்கிலங்கள் மோதி உடைத்தபோது, அது ஓரிரு நிமிடங்களில் மூழ்கிவிட்டது. படகிலிருந்த ஆறு பேரும் காற்றடைத்த மிதவை ஒன்றும், கண்ணாடியிழையால் ஆன கெட்டியான சிறு டிங்கி ஒன்றும் கைவசம் இருந்ததால் பிழைத்தனர். 1973 மார்ச் 4 அன்று விடியற்பொழுதில், அதே கடற்பரப்பில் மாரிசு பெய்லி, மாரலின் பெய்லி என்ற தம்பதியரின் ஆராலின் படகைத் திமிங்கிலம் ஒன்று மோதித் துளையிட்டபோதோ, அது மூழ்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆயிற்று. பாய்த்துணியையும் போர்வையையும் துளையில் அடைத்துப் பார்த்து, பயனில்லை எனக் கண்ட பின்னும், மிதவையையும் காற்றடைத்த டிங்கியையும் நீரில் இறக்கி, உணவும் கருவிகளும் ஏற்றிக்கொள்ள அவர்களுக்கு அவகாசம் இருந்தது. எந்த வகை விபத்து தனக்கு வாய்க்கும் என்பதை எந்த மாலுமியும் முன்கூட்டி அறிய இயலாது. ஆகவே டிங்கியையே நம்பியிருப்போர், நெடுங்கடல் ஓட்டத்தின்போது அதைச் சுருட்டி அறைக்குள் வைத்தால், அதை மிதவையாகக் கணக்கிடும் உரிமையை இழந்துவிடுகின்றனர். தளத்தின் மேல் கவிழ்த்து, முழுதாகவோ பாதியளவோ காற்றடைத்து, ஒரே வெட்டில் விடுபடும் கயிறுகளால் கட்டிவைப்பதே குறைந்தபட்சத் தேவை. பின்புறத் தூக்குக் கம்பிகளில் தொங்கவிடுவதும் போதாது, ஏனெனில் பின்னாலிருந்து ஏறிவரும் பேரலை முதலில் பறித்துச் செல்வது அதைத்தான்.

இரண்டாவது வேறுபாடு காற்று. இதுவே எல்லாவற்றிலும் கொடியது. காற்றின் விசை அதன் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தைப் பொறுத்தது என்பதால், வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகிறது. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் புயற்காற்றுக்கு முன், 2.7 மீட்டர் நீளமும் ஒன்றரை மீட்டர் அகலமும் உள்ள டிங்கியின் முன்முனை ஓர் அலையின் உச்சியில் மேலெழுந்து அடிப்பாகம் காற்றுக்கு முகங்காட்டினால், அதன் மீது விழும் விசை 150 கிலோவுக்கு மேற்பட்ட எடைக்கு ஈடாகும். டிங்கியின் சொந்த எடையோ பெரும்பாலும் 30 கிலோவை ஒட்டியது. ஆகவே ஆளில்லாத டிங்கி புயலில் கவிழ்வதற்கும் முன்னதாகவே பறக்கத் தொடங்கிவிடும். ஆட்கள் அமர்ந்திருந்தாலும், அவர்கள் ஒரு பக்கமாகச் சரிந்த கணத்தில் எதிர்ப்பக்கம் தூக்கப்பட்டுப் புரண்டுவிடும். பொறி பூட்டி ஓட்டுதல், கரையேற்றம் ஆகியவற்றுக்காகவே டிங்கி இலேசாக வடிவமைக்கப்படுகிறது என்பதால், அன்றாட வாழ்வில் அதன் சிறப்பாகிய அந்த இலேசுத்தன்மையே புயலில் அதன் பெருங்குறையாகிறது.

மிதவை இக்குறையை எடை கூட்டித் தீர்ப்பதில்லை என்பதுதான் அதன் வடிவமைப்பிலுள்ள நுட்பம். மிதவையின் அடிப்புறத்தில் துளைகளுள்ள துணிப்பைகள் தொங்கும். நீரில் விழுந்ததும் அவை தாமாகவே கடல்நீரால் நிரம்பும். கடலுக்குள் அமிழ்ந்திருக்கும் வரை அந்நீருக்கு எடையே இல்லை, ஏனெனில் சுற்றியுள்ள நீர் அதைத் தாங்கிக்கொள்கிறது; மிதவையும் அதனால் சிறிதும் அமிழ்வதில்லை. ஆனால் காற்றோ அலையோ ஒரு பக்கத்தைத் தூக்க முயன்ற உடனே, அப்பக்கத்துப் பை நீர்மட்டத்துக்கு மேல் எழ வேண்டியிருப்பதால், அதிலுள்ள நீர் முழுவதும் எடையாக மாறிக் கீழே இழுக்கிறது. தேவைப்படும் நொடியில் மட்டும் தோன்றி, மற்ற நேரத்தில் மறைந்திருக்கும் இந்த எடையை அடிச்சுமை என்று சொல்லலாம். பத்துப் பேர் வரை கொள்ளும் மிதவைக்கு மொத்தம் 220 லிட்டர் அடிச்சுமைப் பைகள் வேண்டும் என்றும், நீரில் விழுந்த 25 நொடிகளுக்குள் அவற்றில் 60 விழுக்காடேனும் நிரம்ப வேண்டும் என்றும் சோலாஸ் விதிகள் கூறுகின்றன.

இவ்விதிகள் மேசையில் அமர்ந்து எழுதப்பட்டவை அல்ல. அவற்றுக்குப் பின்னால் உயிரிழப்புகள் இருக்கின்றன. 1958-இல் பிரான்சின் எத்தல் கடல்வாயில், அலை உடையும் மணற்திட்டின் மேல் நடந்த மிதவைச் சோதனை ஒன்றிலும் அதைத் தொடர்ந்த மீட்பு முயற்சியிலும் ஒன்பது பேர் இறந்தனர். 1979 ஆகஸ்டில் இங்கிலாந்துக்கும் அயர்லாந்தின் பாஸ்ட்நெட் பாறைக்கும் இடையே நடந்த பாய்மரப் போட்டியில் 303 படகுகள் புறப்பட்டுப் புயலில் சிக்கியபோது, 15 போட்டியாளர்கள் உயிரிழந்தனர்; மாலுமிகள் கைவிட்டுச் சென்ற 24 படகுகளில் மூழ்கியவை ஐந்தே. ஏனையவை பின்னர் மிதந்தவாறே கண்டெடுக்கப்பட்டன என்பதும், அவற்றை விட்டு மிதவைகளுக்கு மாறியோரில் சிலர் மிதவை கவிழ்ந்தோ கிழிந்தோ மாண்டனர் என்பதும் ஆய்வறிக்கையில் பதிவான கசப்பான உண்மைகள். அக்காலத்து மிதவைகளின் அடிச்சுமைப் பைகள் சிறியவை. அடிச்சுமை போதாத மிதவைக்கே அந்நிலை என்றால், அடிச்சுமையே இல்லாத டிங்கியின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. மூழ்கிக் கொண்டிருக்கும் படகிலிருந்து மிதவைக்குள் இறங்கக் கூடாது, மேலேறித்தான் செல்ல வேண்டும், அதாவது படகின் தளம் நீர்மட்டத்தைத் தொடும் வரை அதை விட்டு நீங்கலாகாது என்று பயிற்சியாளர்கள் இன்றுவரை அழுத்திச் சொல்வதற்கும் இந்நிகழ்வு ஒரு முக்கியக் காரணம்.

டிங்கிக்கு அடிச்சுமை சேர்க்க முடியாதா எனில், ஓரளவுக்கு முடியும். பின்பக்கத்திலும் முன்முனையிலும் உறுதியான துணிப்பைகளைத் தைத்துக் கட்டினால் அவையும் அதே முறையில் நீரேந்தும். ஆனால் டிங்கியின் கயிற்று வளையங்கள் பெரும்பாலும் ஒட்டுப்பசையால் மட்டுமே குழாயில் ஒட்டப்பட்டவை என்பதால், நூறு லிட்டர் நீரின் திடீர் இழுப்பை அவை தாங்குமா என்பது பசையின் வயதைப் பொறுத்தது. கடல் நங்கூரம் இதைவிட எளிய துணை. தரையைப் பற்றாமல் நீரைப் பற்றும் துணிக்கூம்பாகிய இது, கயிற்றின் நுனியில் நீருக்குள் விரிந்து நின்று படகின் முன்முனையை அலைக்கு எதிராக நிறுத்தி வைக்கிறது; குறுக்கே திரும்பிய டிங்கியைச் சிற்றலை உடைவே கவிழ்க்கும் என்பதால், முனை திரும்பாமல் காப்பதே பாதி பாதுகாப்பு. அது படகு அடித்துச் செல்லப்படும் வேகத்தையும் குறைக்கிறது. விபத்து நடந்ததாக அறிவிக்கப்பட்ட இடத்துக்கு அருகிலேயே இருப்பவரைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிது.

மூன்றாவது வேறுபாடு கூரை. மிதவையின் மேல் இரட்டைத் துணியாலான கூடாரம் தானாகவே எழும். அதன் தரையும் இரண்டு அடுக்காக, இடையில் காற்று நின்று குளிரைத் தடுக்கும்படி அமைந்திருக்கும். டிங்கியில் இரண்டும் இல்லை; தரை ஒற்றைத் துணி அல்லது பலகை. நீர் உடலின் வெப்பத்தைக் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாகக் கடத்தி எடுத்துச் செல்கிறது. நனைந்த உடையோடு, தேங்கிய நீரில் அமர்ந்து, காற்றடிப்பில் நடுங்குவோரின் உள்ளுடல் வெப்பநிலை 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் குளிர்விறைப்பு தொடங்குகிறது. கைவிரல்கள் கட்டுப்பாட்டை இழந்து, முடிச்சவிழ்க்கவும் ஒளிச்சுடர் கொளுத்தவும் முடியாமற்போய், பின்னர் அறிவும் மழுங்குகிறது. வட அட்லாண்டிக்கில் இது சில மணி நேரத்துக் கதை. வெப்பமண்டலக் கடலில் நீர் 28 டிகிரியாக இருந்தாலும் உடற்சூடான 37 டிகிரிக்கு அது குறைவே என்பதால் ஓரிரவு முழுவதும் நனைந்து கிடப்பவர் தளர்ந்துவிடுவார். பகலிலோ இதற்கு நேர்மாறாக, நிழலின்றிக் காயும் உடல் வியர்வையாக நீரை இழந்துகொண்டே இருக்கும். கூரை தரும் நிழல் ஒரு மனிதனின் தண்ணீர்த் தேவையையே குறைக்கிறது. மழை பெய்தால் அதே கூரை நீரையும் சேகரித்துத் தருகிறது.

தண்ணீரைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் காற்றடைத்த படகின் வரலாற்றிலேயே மிகப் பெரிய சர்ச்சை அதைச் சுற்றியே எழுந்தது. அலென் பொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர், 1952 அக்டோபர் 19 அன்று கேனரித் தீவுகளிலிருந்து, 4.6 மீட்டர் நீளமுள்ள, பாய் பொருத்திய சோடியாக் காற்றடைத்த படகில் தனியே புறப்பட்டு, 65 நாட்களுக்குப் பின் டிசம்பர் 23 அன்று பார்படோசு தீவை அடைந்தார். மீனைப் பிழிந்த சாறும் சிறிதளவு கடல்நீரும் மனிதனை உயிரோடு வைக்கும் என்பதை மெய்ப்பிப்பதே அவருடைய நோக்கம். ஆனால் கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு இருக்கிறது. மனிதச் சிறுநீரகம் ஒரு லிட்டர் சிறுநீரில் சுமார் 20 கிராமுக்கு மேல் உப்பைச் செறிக்க இயலாது. ஒரு லிட்டர் கடல்நீரின் உப்பை வெளியேற்ற ஒன்றே முக்கால் லிட்டர் சிறுநீர் வேண்டியிருப்பதால், குடித்ததைவிட முக்கால் லிட்டர் கூடுதலாக உடல் இழக்கிறது. ஜெர்மானிய மருத்துவரும் கடற்பயணியுமான ஹானசு லிண்டமன் பொம்பாரின் முடிவை வன்மையாக மறுத்தார். கடல்நீர் குடிக்கலாகாது என்பதே இன்றைய மருத்துவத்தின் தெளிவான நிலைப்பாடு. எனினும், காற்றடைத்த கலம் பெருங்கடலையே கடந்து செல்லவல்லது என்பதை உலகுக்குக் காட்டியது பொம்பாரின் பயணம்தான். அந்த அளவில் அவருக்குக் கடற்பயணிகள் கடன்பட்டவர்கள். ஆனால் அது முன்கூட்டியே காற்றடைத்து, பாயும் துடுப்பும் கருவிகளும் ஏற்றி, சீராக வீசும் வணிகக்காற்றைத் தேர்ந்து மேற்கொண்ட பயணம் என்பதையும், ஆபத்தில் நள்ளிரவில் அவிழ்த்துவிடப்படும் டிங்கி அத்தகையது அல்ல என்பதையும் மறக்கலாகாது.

டிங்கிக்கு மிதவையிடம் இல்லாத சிறப்பும் ஒன்று உண்டு. மிதவை வட்டமாகவோ பலகோணமாகவோ இருப்பது; எங்கும் செல்லாமல் ஓரிடத்தில் கிடக்கவே வடிவமைக்கப்பட்டது. டிங்கியில் தண்டு வலிக்கலாம், பாய் கட்டலாம், மீன்பிடிக்கச் சாய்ந்து அமரலாம். பெய்லி தம்பதியரின் 118 நாட்களை நெருங்கிப் பார்த்தால் இது விளங்கும். நான்கரை அடி விட்டமுள்ள வட்ட மிதவையின் கூரைக்குக் கீழ் அவர்கள் உறங்கினர். கயிற்றால் பிணைத்த ஒன்பதடி டிங்கி அவர்களுடைய சரக்கறையாகவும் வேலைத்தளமாகவும் இருந்தது. தொடக்கத்தில் டிங்கியில் தண்டு வலித்து மிதவையை இழுத்துக்கொண்டு காலாபகசு தீவுகளை அடைய முயன்று, கடல் நீரோட்டம் தங்களைவிட வலிமையானது என்று கண்டு கைவிட்டனர். தூண்டில் முள் இல்லாத குறையை ஊக்குகளை வளைத்துத் தீர்த்துக்கொண்டு மீன்பிடித்தனர். ஆமைகளையும் கடற்பறவைகளையும் உண்டனர். மீன்முள் ஒன்று மிதவையின் அடிக்குழாயைத் துளைத்த பிறகு, அது கடைசிவரை ஒழுங்காக ஒட்டப்பட முடியாமல், நாள் முழுதும் பம்பு அடித்தே காப்பாற்றப்பட்டது. ஏழு கப்பல்கள் அவர்களைக் காணாமலே கடந்துசென்றன. எட்டாவதாக வந்த வொல்மி 306 என்னும் தென்கொரிய மீன்பிடிக் கப்பல் 1973 ஜூன் 30 அன்று அவர்களை மீட்டது. ராபர்ட்சன் குடும்பத்தின் அனுபவமும் இதற்கு இணையானது: காற்றடைத்த மிதவை 17-ஆம் நாளில் துளைகளால் பயனற்றுப்போகவே, ஆறு பேரும் அந்த ஒன்பதடிக் கண்ணாடியிழை டிங்கிக்குள் நெருக்கியமர்ந்து மேலும் மூன்று வாரங்கள் கழித்து, 38-ஆம் நாளில் ஒரு ஜப்பானிய மீன்பிடிக் கப்பலால் மீட்கப்பட்டனர். இரண்டு வெவ்வேறு வகைக் கலங்கள் கைவசம் இருந்ததே இவ்விரு குடும்பங்களையும் காத்தது. எதுவொன்றும் தனியே போதுமானதாக இருந்திருக்காது.

காற்றடைத்த கலம் கடலில் மெல்ல மெல்லச் சாவதற்குப் பல காரணங்கள் உள்ளன. அடைத்த காற்று வெயிலில் விரிகிறது: காலையில் 25 டிகிரியில் 0.25 பார் இருந்த அழுத்தம், குழாயின் மேற்பரப்பு 50 டிகிரிக்குச் சூடாகும் நண்பகலில் 0.35 பாரைத் தாண்டித் தையல்களைத் திணறவைக்கும். இரவு மழையில் குளிர்ந்ததும் குழாய் தொய்ந்து, ஒவ்வோர் அலைக்கும் மடங்கி, மடிப்பில் தேயும். ஆகையால் வெயிலேறும்போது சிறிது காற்றை விடுவதும் மாலையில் மீண்டும் அடிப்பதும் அன்றாடக் கடமை. துணியில் இரு வகை முக்கியம்: மலிவான பிவிசி பிளாஸ்டிக் துணி வெப்பமண்டல வெயிலில் பிசுபிசுத்து ஒட்டுவிடும், ஹைப்பலான் எனப்படும் செயற்கை ரப்பர் பூசியது விலை கூடுதலாயினும் பல ஆண்டுகள் தாங்கும். கிழிசலை ஒட்டப் பசை உதவாது, ஏனெனில் நனைந்த பரப்பில் எந்தப் பசையும் நிற்பதில்லை. 1982-இல் அட்லாண்டிக்கில் 76 நாட்கள் தனியே மிதந்த அமெரிக்கர் சுடீவன் கலகன், மிதவையின் கீழ்க்குழாய் கிழிந்தபோது நாட்கணக்கில் பம்பு அடித்துத் தளர்ந்து, இறுதியில் கிழிசலை அடைத்துக் கட்டிய கயிறு நழுவாதபடி ஒரு முள்கரண்டியைக் குறுக்கே செருகித்தான் காற்றை நிறுத்தினார். கூம்பு வடிவ ரப்பர் அடைப்புகளும், இரு தகடுகளைத் திருகி இறுக்கும் இடுக்கிகளும் இன்று கிடைக்கின்றன. ஒரு டிங்கியின் அவசரப் பையில் முதலில் இடம்பெற வேண்டியவை அவையே.

இந்தக் கதைகளெல்லாம் மாதக்கணக்கில் நீண்டவை என்பதால், நெடுநாள் தாக்குப்பிடிப்பதே உயிர்காப்புக் கலத்தின் தலையாய தகுதி என்று எண்ணத் தோன்றும். 1982-இல் தொடங்கிய கொஸ்பஸ் சார்சாட் செயற்கைக்கோள் அமைப்பு அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது. 406 மெகாஹெர்ட்சில் சமிக்ஞை அனுப்பும் கையடக்க அபாயக்குறிகருவி இன்று உலகின் எந்தக் கடலிலிருந்தும் படகின் அடையாளத்தையும் இடத்தையும் மீட்பு மையங்களுக்கு அறிவிக்கிறது. இந்தியாவில் அச்செய்தி பெங்களூரில் உள்ள இஸ்ரோ மையத்தை வந்தடைகிறது, மீனவர்களுக்கெனத் தனியே அபாயச் செய்தி அனுப்பும் கருவியையும் இஸ்ரோ உருவாக்கியுள்ளது. ஆகவே இன்று கேட்க வேண்டிய கேள்வி 118 நாள் தாங்குமா என்பது அல்ல. முதல் ஒரு நாள் அல்லது இரு நாட்கள் தாங்குமா என்பதே. இங்கேதான் டிங்கியின் உண்மையான குறை வெளிப்படுகிறது. தீ, மோதல், திமிங்கிலம், அடித்தளக் கசிவு ஆகியவற்றால் அமைதியான கடலில் படகு மூழ்கினால், தயாராக வைக்கப்பட்ட டிங்கி அந்த இரு நாட்களை எளிதில் கடத்தும். புயலால் மூழ்கினாலோ, டிங்கி மிகவும் வலுவிழந்து நிற்கும் நேரமும் மீட்புக்காகக் காத்திருக்கும் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன. இந்த ஒரு காரணத்துக்காகவே, குளிர்க்கடலிலோ புயற்பருவத்திலோ செல்வோர் டிங்கியை மட்டும் நம்பிப் புறப்படுவது தகாது என்பது தயக்கமின்றிச் சொல்லக்கூடிய தீர்ப்பு.

இரண்டுக்கும் இடைப்பட்ட முயற்சிகளும் உண்டு. இங்கிலாந்தில் உருவான டிங்கர் டிராம்ப் என்னும் காற்றடைத்த டிங்கியில் பாய் கட்டி ஓட்டலாம். கரியமிலவாயு உருளை, எழுந்து நிற்கும் கூரை, கடல் நங்கூரம் ஆகியவற்றைப் பொருத்தி மிதவையாகவும் மாற்றலாம். அமெரிக்காவின் போர்ட்லண்ட் பட்ஜி காற்றடைக்கப்படாத, கெட்டியான பிளாஸ்டிக் டிங்கி. காற்றடைத்த கூரை அதன் மேல் விரியும். இவை மிதவைக்கு நிகரா என்பதில் மாலுமிகளிடையே கருத்து வேறுபாடு தொடர்கிறது. ஆனால் டிங்கி எந்தெந்த இடத்தில் குறைபடுகிறது என்பதைச் சரியாக உணர்ந்து செய்யப்பட்டவை என்ற வகையில் இவை மதிப்புக்குரியவை. வெறும் டிங்கியை வைத்திருப்போரும் இவற்றைப் பார்த்துத் தம் கலத்தைத் திருத்திக்கொள்ளலாம்.

அத்தகைய திருத்தத்துக்குப் பெரும் செலவு ஆவதில்லை. பளிச்சென்ற செம்மஞ்சள் நிறத் துணி ஒன்று, வளைத்துச் செருகிக் கூரையாக்கத்தக்க இரண்டு மூன்று குழாய்க் கம்பிகளோடு, நிழலையும் மழைநீரையும் தருவதோடு வானிலிருந்து தேடுவோர் கண்ணிலும் படும். சாம்பல் நிற டிங்கி நுரைபடர்ந்த கடலில் கண்ணுக்குத் தெரிவதில்லை. வெளிக்குழாயைச் சுற்றிப் பற்றுக்கயிறும், கவிழ்ந்தால் அடிப்பக்கத்தில் ஏறி நின்று பின்சாய்ந்து நிமிர்த்துவதற்கு அடியினூடே குறுக்குக் கயிறும் வேண்டும். வெளிப்பொறியைக் கழற்றி எறிந்துவிட வேண்டும். பின்பக்கத்தில் அந்த எடை தொங்கினால் முன்முனை காற்றுக்குத் தூக்கிக்கொடுக்கப்படும். குடிநீர், கைப்பம்பு, துளையடைப்பான்கள், நீரிறைக்கும் வாளி, கத்தி, ஒளிச்சுடர்கள், கண்ணாடி, அபாயக்குறிகருவி ஆகியவை மிதக்கும் ஒரே பையில் அடைத்து டிங்கியோடு கட்டப்பட்டிருக்க வேண்டும், ஏனெனில் ஓடிப்போய் எடுத்துவர நேரமிருக்காது. கட்டுக்கயிற்றை, கடைசி ஆளும் ஏறிய பிறகன்றி வெட்டலாகாது. ஆளில்லாத டிங்கி காற்றில் விலகிச் செல்லும் வேகத்தை நீந்தி எட்டிப்பிடிக்க எவராலும் முடியாது.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக் கடலில் வீசியபோது, கவிழ்ந்த வள்ளங்களையும் மிதக்கும் பொருள்களையும் பற்றிக்கொண்டு கடலில் கிடந்த மீனவர்கள் சிலர் மீட்கப்பட்டனர், மிகப் பலர் திரும்பவே இல்லை. ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கி மீன்பிடிக்கும் விசைப்படகுகளுக்கும் இக்கட்டுரையின் கேள்வி அந்நியமானது அல்ல. மிதவையோ, திருத்தியமைத்த டிங்கியோ, எதுவாயினும் அதை நம்பிக் கடலேறுவோர், துறைமுகத்தின் அமைதியான நீரில் ஒருமுறையேனும் அதைத் தாமே கவிழ்த்து, உடுத்த துணியோடு நீருக்குள்ளிருந்தே நிமிர்த்தி, உள்ளே ஏறிப் பார்த்துவிட்டுப் புறப்பட வேண்டும். இளைஞர் ஏறுவது மட்டும் போதாது, படகிலேயே வயது முதிர்ந்தவரால் ஏற முடிகிறதா என்பதையும் அன்றே பார்த்துவிட வேண்டும்.